பிரேக்கில் காற்று

அலுவலகத்தில் அவருக்குத் துண்டுச்சீட்டு என்று பெயர். ஆவண அறையில் இருபத்தாறு ஆண்டுகளாகக் கோப்புகளுக்குச் சீட்டு எழுதிக் கட்டிவந்த மனிதரை வேறெப்படி அழைப்பது? அந்தப் பழக்கம் அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. சுவிட்சுகளின் மேல் ‘விசிறி’, ‘விளக்கு’ என்று சீட்டு ஒட்டியிருப்பார். உப்புச் சாடியின் மேல் ‘உப்பு’. சர்க்கரைச் சாடியின் மேல் ‘உப்பு அன்று’. காலை ஐந்தரைக்கு எழுந்து, முதல்நாள் வைத்த பொருள்கள் வைத்த இடத்தில் இருக்கின்றனவா என்று வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்த பிறகுதான் அவருக்குத் தேநீர் உள்ளே இறங்கும்.

ஆகவே, கொட்டகையில் நின்ற பழைய ஜீப்பின் ஓட்டுநர் இருக்கையில் பள்ளம் விழுந்திருந்ததை முதலில் கண்டவரும் அவரே. அது முதல்நாள் மாலையில் பொருத்திய புது இருக்கை. மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. அதில் எவரும் அமர்ந்ததில்லை. ஆயினும் ஒருவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்து அப்போதுதான் எழுந்துபோனால் எப்படி அமுங்கியிருக்குமோ, அப்படி அமுங்கியிருந்தது. கையை வைத்துப் பார்த்தார். பிளாஸ்டிக்கின் மேற்புறம் உலர்ந்திருந்தது. உட்புறத்தில் மட்டும், வாயை அருகில் வைத்து ஊதிய கண்ணாடியைப் போல, மெல்லிய ஈரம் படர்ந்திருந்தது.

‘பஞ்சு தரமில்லை, கடையில் கேட்கவும்’ என்று ஒரு சீட்டு எழுதி இருக்கையின் முதுகில் ஒட்டிவிட்டு உள்ளே போனார்.

அவர் தம் வாழ்நாளில் ஒரு மிதிவண்டிக்குக்கூடப் பஞ்சர் ஒட்டியவர் அல்லர். அப்படிப்பட்டவர் துருப்பிடித்த ஜீப்பை வாங்கிப் புதுப்பிக்கப் புறப்பட்டதற்குக் காரணம் அவருடைய மனைவியின் மூச்சு.

நுரையீரல் கொஞ்சங்கொஞ்சமாகக் கெட்டிப்பட்டுக்கொண்டே வரும் நோய் அவளுக்கு. “குணமாக்க மருந்து இல்லீங்க. வீட்டுலயே வச்சு, ஆக்சிஜன் குடுத்து, தூசி இல்லாத எடமா பாத்துக்கோங்க” என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். தூசியில்லாத இடம் என்றதும் இருவருக்கும் ஒரே இடந்தான் நினைவுக்கு வந்தது. மலையுச்சியில் அவளுடைய அக்காள் வீடு. சென்ற ஆண்டு அங்கே தங்கியபோதுதான் அவள் தலையணைகளை அடுக்காமல், கால் நீட்டி, மல்லாந்து படுத்து இரவு முழுவதும் தூங்கினாள்.

அந்த வீட்டுக்குச் செல்லும் கடைசிப் பதினோரு கிலோமீட்டர் பாதையெங்கும் பாறையும் சேறும். ஓர் ஓடையை மூன்று இடங்களில் இறங்கிக் கடக்க வேண்டும். மழைக்காலம் தொடங்கிவிட்டால் நான்கு மாதங்களுக்கு எவரும் ஏற முடியாது. வாடகைக்கு வண்டி ஓட்டும் ஒருவர் பாதையின் பெயரைக் கேட்டதும் சிரித்தார். மற்றொருவர் ஒப்புக்கொண்டு வீட்டு வாசல்வரை வந்தார், ஆக்சிஜன் சிலிண்டரைப் பார்த்ததும், “வழியில ஏதாவது ஆச்சுன்னா நான் என்னங்க பண்ணுவேன்?” என்று திரும்பிப் போய்விட்டார். தவிரவும், மேலே போய்த் தங்கிய பின் அவசரத்துக்குக் கீழே இறங்கச் சொந்த வண்டி வேண்டும். மழை வருவதற்குள் வேண்டும்.

அவர் வாங்கிய ஜீப் ஒரு மரக்கிடங்கின் பின்புறத்தில் தார்ப்பாயின் கீழே பல ஆண்டுகளாகக் கிடந்தது. கிடங்குக்காரர் தார்ப்பாயை விலக்கிக் காட்டிவிட்டு நாலடி தள்ளியே நின்றார்.

“எடுத்துட்டுப் போங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன். இதுல ஒத்த ஆளா வேலை செய்யாதீங்க.”

“ஏன்?”

“ரெண்டு பேர் வேலை சார் இது” என்றார் அவர். அதற்கு மேல் பேச்சை வளர்க்கவில்லை.

கனமான பாகங்களைத் தூக்குவதைப் பற்றிச் சொல்கிறார் என்று துண்டுச்சீட்டு நினைத்துக்கொண்டார்.

ஐந்து மாதங்கள் அந்த ஜீப்பே அவர்களுக்கு வாழ்க்கையாயிற்று. படுக்கையறையின் சன்னலுக்கு நேரெதிரே, ஆறடி தள்ளி, கொட்டகை இருந்தது. கழற்றிய ஒவ்வொரு திருகையும் தனித்தனிப் பையிலிட்டு, எங்கிருந்து கழற்றியது என்று சீட்டு எழுதிக் கட்டினார். அவள் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, போர்வையைத் தோளில் சுற்றிக்கொண்டு, பைகளை வரிசைப்படுத்தித் தருவாள்.

“என் மேலயும் ஒரு சீட்டு கட்டிடுங்க. எங்க இருந்து கழட்டினதுன்னு தெரியாம போயிடப் போகுது.”

“உனக்கு எதுக்குச் சீட்டு? சத்தமே போதுமே.”

“சத்தம் போட மூச்சு வேணுமே” என்று சொல்லி அவளே சிரிப்பாள். சிரிப்பு இருமலில் முடியும்.

பற்றவைக்கும் வேலைக்குத் தெருக்கோடிப் பட்டறைக்காரர் வந்தார். தெருவே அவரைத் தீப்பொறி என்று அழைத்தது. பேச்சும் அப்படித்தான் தெறிக்கும்.

“சார், இந்த சேசிஸ் துருவுலதான் நிக்குது. சுரண்டினா வண்டி படுத்துடும்.”

“அப்போ சுரண்ட வேண்டாமா?”

“சுரண்டணும். படுத்ததுக்கப்புறம் எழுப்பணும். அதுக்குத்தானே நான் இருக்கேன்.”

“எழுப்புறவரே, என் நெஞ்சுக்குள்ளயும் நாலு எடம் விட்டுப்போச்சு. அப்படியே பத்தவச்சு விடுங்களேன்” என்றாள் அவள்.

“என் கம்பி உங்களுக்குத் தாங்காதுக்கா” என்றார் தீப்பொறி. அன்று அவர் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

இயந்திரம் உயிர்பெற்றது. விளக்குகள் எரிந்தன. கடைசியாகப் பிரேக் மட்டும் மிச்சமிருந்தது. பழைய குழாய்களை மாற்றிப் புது எண்ணெய் ஊற்றியபின், குழாய்க்குள் தங்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று இருந்தால் பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது. இது இருவர் செய்ய வேண்டிய வேலை. ஒருவர் இருக்கையில் அமர்ந்து பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர் வண்டியின் அடியில் படுத்துச் சக்கரத்தின் பின்னாலுள்ள சிறு திருகைத் திறப்பார். திருகில் மாட்டிய ரப்பர்க் குழாயின் வழியே எண்ணெயும் காற்றுக் குமிழிகளும் அடியில் வைத்த பாட்டிலுக்குள் வந்து விழும். திருகை மூடிய பிறகே பெடலிலிருந்து காலை எடுக்கலாம். மேலே இருப்பவரின் முகம் கீழே இருப்பவருக்குத் தெரியாது, குரல்தான் வழி.

அவள் தானே மிதிப்பதாகப் பிடிவாதம் பிடித்து ஏறி உட்கார்ந்தாள்.

“அமுக்கு.”

“அமுக்கிட்டேன்.”

குமிழிகள் வந்தன. திருகை மூடினார்.

“விடு.”

“விட்டுட்டேன்.”

முதல் மூன்று சக்கரங்களையும் அவ்விதமே முடித்தார்கள். பின்புற இடதுசக்கரத்தில் மட்டும் குமிழிகள் ஓயவில்லை. இருபது முறை, முப்பது முறை. ‘அமுக்கிட்டேன்’ என்ற சொல் அவள் வாயில் தேய்ந்து ‘ம்’ என்று ஆயிற்று. வெளியே வந்து பார்த்தபோது அவளுடைய உதடுகள் நீலம் பாரித்திருந்தன. தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்தினார். அன்று முதல் அவளால் எழுந்து நடக்க இயலவில்லை.

பள்ளம் விழுந்த இருக்கையை அவர் கண்டது அதற்கு இரண்டு நாள்கள் கழித்துத்தான். அவளுடைய உடல் பட்ட பழைய இருக்கையில் அவள் இருமித் துப்பிய கறை இருந்தமையால், அதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தியிருந்தார்.

பள்ளத்தைக் கண்ட அந்தப் புதன்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும். வெயில் கொட்டகையின் தகரத்தைச் சுட்டு, அதிலிருந்து டிக் டிக்கென்று ஒலி எழுந்துகொண்டிருந்தது. எண்ணெயும் துருவும் பழைய ரப்பரும் கலந்த வாடையில், கோணியை விரித்து அடியில் நுழைந்து, பின்புற இடதுசக்கரத்தின் திருகில் குழாயை மாட்டி, பாட்டிலை நிறுத்தி, ஸ்பானரைக் கையில் எடுத்தார். எடுத்ததும், பழக்கதோஷம், சொல்லிவிட்டார்.

“அமுக்கு.”

பெடல் இறங்கும் நீண்ட கிரீச்சொலி தலைக்குமேல் கேட்டது.

“அமுக்கிட்டேன்.”

அவருக்கு உண்டானது மகிழ்ச்சியே அன்றி அச்சமன்று. எழுந்து வந்துவிட்டாள், தேறிவிட்டாள். கண்கள் கலங்கத் திருகைத் திறந்தார். கோலிக்குண்டளவு குமிழி ஒன்று குழாயில் உருண்டு வந்து பாட்டிலில் உடைந்தது. மூடினார்.

“விடு.”

“விட்டுட்டேன்.”

ஆறு முறை அப்படி நடந்தது. ஏழாம் முறை, “களைச்சுடப் போற, இறங்கு, போதும்” என்று சிரித்தபடி வெளியே ஊர்ந்து வந்தார். இருக்கை வெறுமையாக இருந்தது. பிளாஸ்டிக் தாள் மெல்ல, மிக மெல்ல, சரசரத்து நிமிர்ந்துகொண்டிருந்தது.

படுக்கையறைக்கு ஓடினார். அவள் சன்னலோரம் சாய்ந்து கண்மூடியிருந்தாள்.

“நீ கொட்டகைக்கு வந்தியா?”

“எங்க?” என்றாள் அவள். அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு முறை மூச்சிழுத்தாள். “கட்டில விட்டு… எறங்கவே… முடியலையே.”

மறுநாள் தீப்பொறியை அழைத்துவந்து பெடலை மிதிக்கச் சொன்னார். ஒரு குமிழிகூட வரவில்லை. “பிரேக் கல்லு மாதிரி இருக்கு சார். நாளைக்கே கிளம்புங்க” என்றார் தீப்பொறி. வெள்ளிக்கிழமை காலையில் புறப்பட எல்லாம் ஆயத்தமாயிற்று. காலையில் பெடலில் கால் வைத்தார். அது எதிர்ப்பே இல்லாமல் தரைவரைக்கும் போயிற்று.

தீப்பொறி மீண்டும் வந்து, குழாய் குழாயாகத் தடவிப் பார்த்தார். எங்கும் கசிவில்லை. ஏறி உட்கார்ந்து இரண்டு முறை மிதித்தார். மூன்றாம் முறை மிதித்தவர் சட்டென்று இறங்கி, கைகளைத் துடைத்துக்கொண்டே வாசல்வரை நடந்துவிட்டார்.

“என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல சார்.”

“சொல்லுங்க.”

“நான் காலை எடுத்துட்டேன். பெடல் மேல வரல. யாரோ இன்னும் மிதிச்சுட்டே இருக்கற மாதிரி…” தீப்பொறி செருப்பை மாட்டிக்கொண்டார். “வேற யாரையாவது பாருங்க சார். அக்காவைக் கேட்டதா சொல்லுங்க.”

மாலையில் மலையிலிருந்து அவளுடைய அக்காள் பேசினாள். “மேகம் இறங்கிடுச்சு. நாளைக்கோ நாளான்னைக்கோ மழைதான். ஓடையில தண்ணி வந்துட்டா அவ்வளவுதான், பாத்துக்கோங்க.”

இன்னும் ஒரு பொழுது. ஒரே ஒரு சக்கரம். மிதிக்க ஆள் இல்லை.

அவர் கொட்டகைக்குள் போனார். இருக்கையின் பக்கம் பார்க்காமல் அடியில் நுழைந்தார். இம்முறை பழக்கதோஷம் அன்று, தெரிந்தே சொன்னார்.

“அமுக்கு.”

“அமுக்கிட்டேன்.”

நோய் வருவதற்கு முன்பிருந்த குரல். நிறைந்த குரல். திருகைத் திறந்தார். குமிழி வந்தது. அது பாட்டிலில் உடைந்தபோது வாடை முகத்தில் அடித்தது: எண்ணெய் வாடையன்று. இருமல் மருந்தும், வெந்நீர் ஆவியும், படுக்கைவிரிப்பும் கலந்த வாடை. நோயாளியின் அறை வாடை. அதே கணத்தில், ஆறடி தள்ளியிருந்த சன்னலில், அவளுடைய மூச்சு விக்கி நின்றது.

தற்செயல் என்று எண்ணினார். மூடினார்.

“விடு. அமுக்கு.”

குமிழி. சன்னலில் விக்கல்.

மீண்டும் குமிழி. மீண்டும் விக்கல்.

அவர் கை நின்றுவிட்டது. ஸ்பானர் திருகிலேயே இருந்தது. திருகு திறந்தே கிடந்தது. இத்தனை நாளாக இந்தக் குழாயின் வழியே எதை வெளியேற்றிக்கொண்டிருந்தோம் என்பது மெல்ல மெல்ல அவருக்குப் புலனாயிற்று. அன்றைக்கு முப்பது முறை. புதனன்று ஆறு முறை. இப்போது மூன்று.

அவர் சொல்லாமலே மேலே பெடல் எழும்பியது. திறந்த திருகின் வழியாகக் குழாய் உறிஞ்சிற்று. எண்ணெய் பின்னோக்கி ஓடிற்று. பாட்டில் சரிந்து, குழாயின் நுனி வெறுங்காற்றைச் சர்ரென்று இழுத்தது.

சன்னலில் அவள் மூச்சிழுத்தாள். நீண்ட மூச்சு. முழு மூச்சு.

“அம்மாடி…” என்றாள்.

உடனே இருமல் பிடித்துக்கொண்டது. தலைக்குமேல், பிளாஸ்டிக் சரசரக்க, அந்த நிறைந்த குரல் வருத்தத்தோடு சொன்னது:

“இது வெறும் காத்துங்க.”

அவர் எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கே தெரியாது. முழங்கை உரிந்து இரத்தம் வழிய, கட்டிலருகே போய் நின்றார்.

“இப்ப ஒரு நிமிஷம்… நல்லா இருந்துச்சுங்க” என்றாள் அவள். “யாரோ உள்ள… ஊதின மாதிரி. ஆனா… வாயெல்லாம்… துரு.”

அவர் கொட்டகையைப் பூட்டினார். சாவியில் ‘திறக்கக் கூடாது’ என்று சீட்டு எழுதிக் கட்டினார். எழுத்து அவருடையதுபோல் இல்லை; கோணல்மாணலாக இருந்தது.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. பத்து மணிக்கே அக்காள் பேசிவிட்டாள், ஓடையில் வெள்ளம் வந்துவிட்டது. மலை இனி இல்லை. நண்பகலில் சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. மாற்றுச் சிலிண்டர் கொண்டுவருபவர் ஊருக்குள் வரும் பாலத்துக்கு அந்தப்புறம் நின்றார். “பாலத்து மேல தண்ணி போகுது சார். காலையில வடிஞ்சதும் மொதல் வேலையா வந்துடறேன்.” ஆம்புலன்சுக்குச் சொல்லியாயிற்று; அதுவும் பாலத்துக்கு அந்தப்புறந்தான். மருத்துவரின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது.

நான்கு மணிக்கு முள் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

அவள் உட்கார்ந்தபடி, இரண்டு கைகளாலும் கட்டிலைப் பற்றி, தோள்கள் ஏறியிறங்க, மூச்சைப் பிடித்துப் பிடித்து இழுத்தாள். ஒவ்வொரு இழுப்பிலும் கழுத்துக்குழி உள்ளே போயிற்று. அவர் விசிறினார். முதுகைத் தடவினார். சன்னலைத் திறந்தார். மழையின் ஒலி உள்ளே வந்தது. மழைக்கு ஊடே, பூட்டிய கொட்டகைக்குள்ளிருந்து, வேறொன்றும் வந்தது.

“ஏங்க… அமுக்கட்டுமா?”

அவளுடைய கண்கள் சன்னலின் பக்கம் திரும்பின. தன் குரலைத் தானே கேட்ட கண்கள்.

“அது… யாரு?”

“யாரும் இல்ல.”

“என்னை மாதிரியே…”

“மழைச்சத்தம். பேசாத. மூச்சைப் பிடிச்சு வை.”

அவள் அவருடைய மணிக்கட்டைப் பற்றினாள். அந்தக் கையில் வலுவே இல்லை. “போகாதீங்க.”

“ஏங்க…” என்றது கொட்டகை, பொறுமையாக.

அவர் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார். ஐந்து விரல்கள். ஐந்தும் குளிர்ந்திருந்தன.

பூட்டைத் திறந்தார். கோணி நனைந்திருந்தது. அடியில் நுழைந்தார். தகரத்தின்மேல் மழை. குழாயின் நுனியைப் பாட்டிலிலிருந்து எடுத்தார். சட்டையில் துடைத்தார். வெறுங்காற்று வேண்டாமாம். சரி. வாயில் வைத்துப் பல்லால் கடித்துக்கொண்டார். எண்ணெய் நாக்கைச் சுட்டது. பேச முடியாது. ஸ்பானரால் சேசிஸை ஒருமுறை தட்டினார்.

“அமுக்கிட்டேன்.”

திருகைத் திறந்தார். இரண்டு முறை தட்டினார்.

“விட்டுட்டேன்.”

குழாய் இழுத்தது. நெஞ்சின் அடியிலிருந்து, முதுகெலும்பின் அருகிலிருந்து, அவர் அறியாத ஓர் ஆழத்திலிருந்து இழுத்தது. கண்முன் கறுப்புப் புள்ளிகள் பறந்தன. சன்னலில் ஒரு மூச்சு. அவளுடையது. தடையில்லாமல் போய்த் தடையில்லாமல் திரும்பிற்று. இருமல் இல்லை.

மூடினார். காற்றை விழுங்கினார். தட்டினார். திறந்தார். தட்டினார்.

மற்றொரு மூச்சு.

மற்றொன்று.

எத்தனை முறை என்று தெரியவில்லை. விரல் நுனிகள் நீலமாகிவிட்டன. உதடுகளை உணர முடியவில்லை. சன்னலிலிருந்து அவள் கூப்பிட்டாள். இடையில் நிற்காமல், ஒரே மூச்சில் கூப்பிட்டாள்.

“ஏங்க, எங்க இருக்கீங்க? எனக்கு இப்ப நல்லா இருக்கு. வந்துடுங்களேன்.”

போகலாம். போனால் குழாய் நிற்கும். குழாய் நின்றால் அவளுடைய குரலும் நிற்கும்.

அப்போதுதான் அவர் முன்புறம் பார்த்தார். பெடலின் தண்டு தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே வரும் இடத்தில் கையகலத் துவாரம் ஒன்று உண்டு. இதுவரை அதில் இருட்டுதான் தெரிந்தது. இப்போது ஒரு பாதத்தின் அடிப்புறம் தெரிந்தது. வெளுத்த பாதம். பெரியவர்களின் அளவு. ஆனால் ஒரு ரேகை இல்லை, ஒரு வெடிப்பு இல்லை. நேற்றுப் பிறந்ததுபோல் மழமழவென்று இருந்தது. தரையை மிதித்தறியாத பாதம். முதலில் குதிகால் மட்டும் இருந்தது. அடுத்த முறை தட்டியபோது விரல்கள் இருந்தன. அதற்கடுத்த முறை அவை மடங்கி, பெடலைப் பற்றின.

அவர் கொடுத்த மூச்சு முழுவதும் சன்னலுக்குப் போகவில்லை.

பிளாஸ்டிக் சரசரத்தது. இருக்கையில் எதுவோ பக்கவாட்டில் நகர்ந்தது. வண்டி அந்தப் பக்கமாக ஒரு விரற்கடை தாழ்ந்தது. கதவில்லாத ஓட்டுநர் பக்கத்தில், மழைநாளின் மங்கிய வெளிச்சத்தில், இன்னொரு பாதம் மெல்ல இறங்கிற்று. கணுக்கால்வரை. முட்டிவரை. அதன் பெருவிரல் முன்னும் பின்னும் அசைந்து தரையைத் தேடிற்று. இன்னும் எட்டவில்லை. இரண்டங்குலம் இருக்கும்.

“ஏங்க” என்றது மேலே.

“ஏங்க” என்றது சன்னல்.

இப்போது இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் சன்னலில் மூச்சு நடந்துகொண்டிருந்தது. அதை மட்டும் அவர் கேட்டார். உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே.

தருவதில் பாதியேனும் அவளுக்குப் போகிறது. பாதி போதும். காலையில் சிலிண்டர் வரும்வரை இந்த இடத்தைவிட்டு அசைவதில்லை என்று முடிவு செய்தார். குழாயைப் பற்களுக்கிடையே சரிப்படுத்திக்கொண்டு, ஒருமுறை தட்டினார்.